கமலாவின் ஸ்கூட்டி ஏன் மெதுவாகப் போனது?

பொய் சொல்லத் தெரியாதவர்கள் பொய் சொல்லக் கூடாது. சொல்லித் தொலைத்துவிட்டால் வாயை மூடிக்கொண்டாவது இருக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் அந்தப் பொய்யைப் போர்டில் வரைந்து, அளவு குறித்து, நாற்பது பிள்ளைகளைப் பார்த்து, "இந்தக் கோட்டிலிருந்து உங்களுக்கு என்ன தெரிகிறது?" என்று கேட்கக் கூடாது. நான் கேட்டேன். அவர்கள் சொன்னார்கள்.

பன்னிரண்டு வருஷம் இருக்கும். பெரிய முதலியார்சாவடியிலிருந்து கல்யாணமாகி மரக்காணத்துக்கு வந்த புதிது. கையில் கணக்குப் பட்டமும் பி.எட்டும் இருந்தன, வேலைதான் இல்லை. நான்கு பள்ளிக்கூடங்களில் இண்டர்வியூவுக்குப் போனேன். நான்கிலும் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். (இன்று வரைக்கும் ஒருத்தரும் சொல்லி அனுப்பவில்லை.) ஐந்தாவது, உப்பளங்களைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு கிராமத்துத் தனியார் பள்ளி. அங்கே ஹெச்.எம். மேடம் என் சர்ட்டிபிகேட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"வண்டி இருக்குதாம்மா?" என்று கேட்டார்.

"இருக்குது மேடம். ஸ்கூட்டி."

"ஓட்டத் தெரியுமா?"

"சின்ன வயசுலேர்ந்தே ஓட்டுறேன் மேடம்."

ஸ்கூட்டி இருந்தது உண்மை. என் கணவர் பாலு செகண்ட் ஹாண்டில் வாங்கியது. சின்ன வயதிலிருந்து நான் ஓட்டியது சைக்கிள், அதுவும் பின்னால் உட்கார்ந்து. ஆனால் எனக்கு முன்னால் இருந்த கணக்கு டீச்சரின் கதையை மேடம் சொல்லியிருந்தார். அந்த ரூட்டில் இருப்பது ஒரே பஸ். அது வந்தால் டீச்சர் வருவார், வராத நாளில் பிள்ளைகள் கணக்குப் பீரியடில் கபடி ஆடுவார்கள். அதனால் சொந்த வண்டி இல்லாதவருக்கு வேலை இல்லை. இந்த இடமும் போனால் ஆறாவது பள்ளிக்கூடம் என்று ஒன்று அந்தச் சுற்று வட்டாரத்திலேயே கிடையாது. வேறு என்ன சொல்வேன்? மூன்று மாதம் பார்ப்போம், அதற்குப் பிறகு நான் வந்து உன் வகுப்பில் உட்காருவேன், பிடித்திருந்தால் பர்மனென்ட் என்றார் மேடம். சரி என்றேன்.

பாலு பத்து நாள் மைதானத்தில் வைத்து வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பத்தாம் நாள் முடிவில் நான் நேராகப் போகக் கற்றிருந்தேன். திரும்ப வேண்டுமென்றால் இறங்கி, வண்டியைத் திருப்பி வைத்து, மறுபடி ஏறிக்கொள்வேன். "போதும் போ, ஸ்கூலுக்குப் போற ரோடு நேர் ரோடுதான்" என்றார் அவர்.

நேர் ரோடுதான், மறுக்கவில்லை. வீட்டிலிருந்து பள்ளிக்கு ஐந்து கிலோமீட்டர். முதல் ஒன்றரை கிலோமீட்டர் ஊருக்குள். கடைசி ஒன்றரை கிலோமீட்டர் கிராமத்துச் சாலை. நடுவில் இரண்டு கிலோமீட்டர் உப்பளத்து ரோடு, இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாக உப்புத் தண்ணீர். அகலம் சரியாக ஒரு லாரி. எதிரே உப்பு லாரி வந்தால் நாம் எங்கே போவது என்பதை அந்த ரோட்டைப் போட்டவர் யோசிக்கவில்லை. நான் முதல் நாளே பாத்திக்குள் போனேன்.

புதுப் புடவை, ஹெல்மெட், கைப்பை, டிபன் பாக்ஸ் எல்லாவற்றோடும் முழங்கால் ஆழத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து தூக்கினார்கள். அதில் அஞ்சலை அக்கா என்பவர் என் முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, உப்பு வேணும்னா கடையில வாங்கிக்கக் கூடாதா?"

அன்றைக்கு ஸ்கூலுக்குக் காய்ச்சல் என்று போன் செய்தேன். மறுநாளிலிருந்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். ஊர் முடிகிற வரைக்கும் ஓட்டுவது. உப்பளம் தொடங்குகிற இடத்தில் இறங்கிவிடுவது. இரண்டு கிலோமீட்டரும் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடப்பது. அந்தப் பக்கம் இருக்கும் சின்னப் பாலம் வந்ததும் முகத்தைத் துடைத்து, கூலிங் கிளாஸ் போட்டு, மறுபடி ஏறி, பள்ளிக்கூட வாசலில் ஸ்டைலாகப் போய் இறங்குவது. "நம்ம கணக்கு மிஸ் சூப்பரா வண்டி ஓட்டுறாங்க" என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். சாயங்காலமும் இதே கதைதான், திசை மட்டும் மாறும்.

உப்பளத்தில் ஒரு மரம் கிடையாது, மறைவு கிடையாது. நான் தள்ளுவதை அங்கே வேலை செய்த அத்தனை பேரும் பார்த்தார்கள். ஆனால் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. நான் வருவதைப் பார்த்தால் உப்பு வாரும் பலகையைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். ஒரு பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். டீச்சர் உத்தியோகத்துக்கு இந்த ஊரில் எவ்வளவு மரியாதை என்று பூரித்துப்போனேன். பாதி வழியில் ஒரு மோட்டார் கொட்டாய் உண்டு. அங்கே அஞ்சலை அக்கா என்னை உட்காரவைத்து ஒரு சொம்பு கூழ் கொடுப்பார்.

"அக்கா, நான் தள்ளிக்கிட்டு வர்றத யாருக்கும் சொல்லிடாதீங்க" என்று ஒரு நாள் கெஞ்சினேன்.

"எனக்குத் தெரியாதாம்மா? இதெல்லாம் வெளிய சொல்லலாமா?" என்றார் அவர், கன்னத்தில் போட்டுக்கொண்டு. கன்னத்தில் ஏன் போட்டுக்கொள்கிறார் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். கூழ் ருசியில் யோசிக்கவில்லை.

மூன்று மாதம் முடிந்தது. "வெள்ளிக்கிழமை ஒன்பதாம் வகுப்புக்கு வர்றேன், பாடம் எடு" என்றார் மேடம். பாடம், தொலைவு நேர வரைபடம். நிமிர்ந்து ஏறும் கோடு என்றால் வேகம், படுத்தாற்போல் ஏறினால் மெதுவு, மட்டமாகக் கிடந்தால் நின்றுவிட்டது, கீழே இறங்கினால் திரும்பி வருகிறது. பி.எட்டில் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. எடுத்துக்காட்டு வாழ்க்கையிலிருந்து வர வேண்டும். சரி, இந்த நான்கு விதக் கோடும் வருகிற மாதிரி ஒரு பயணம் வாழ்க்கையில் யாருக்கு இருக்கும் என்று யோசித்தேன். யாருக்கு இருக்கும்? எனக்குத்தான் இருக்கிறதே!

ஓட்டினால் வேகம். தள்ளினால் மெதுவு. மோட்டார் கொட்டாயில் நிறுத்தம். நடுவில் உப்பு லாரி வந்தால் கொஞ்சம் அகலமான இடம் வரைக்கும் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போய் ஒதுங்குவேன், அது இறங்குகோடு. பாடப்புத்தகக்காரர்கள் எனக்காகவே அந்தப் பாடத்தை எழுதியதுபோல் இருந்தது. வியாழக்கிழமை காலை ஒவ்வொரு இடத்திலும் நின்று போனில் மணி பார்த்துக் குறித்தேன். ஆசைப்பட்ட மாதிரி லாரியும் வந்தது. சந்தோஷமாகப் பின்வாங்கினேன்.

பெயரை மட்டும் மாற்றிவிட்டேன். ரேவதி என்ற என் பெயருக்குப் பதிலாகக் கமலா. அவ்வளவு புத்திசாலித்தனம் போதும் என்று நினைத்தேன். கோட்டில் என்ன தெரியப்போகிறது, முகமா தெரியப்போகிறது?

வெள்ளிக்கிழமை. மேடம் கடைசி பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்தார். நான் போர்டில் அச்சுகளைப் போட்டேன். கீழே நேரம், பக்கவாட்டில் வீட்டிலிருந்து தொலைவு. அழகாகக் கோட்டை வரைந்தேன். "கமலா என்பவர் காலை எட்டு மணிக்கு ஸ்கூட்டியில் வேலைக்குக் கிளம்புகிறார். கோட்டைப் பார்த்து அவருடைய பயணத்தைச் சொல்லுங்கள்" என்றேன்.

முதல் பெஞ்சில் ஒருத்தன் எழுந்து, "கமலா மலை ஏறி இறங்குறாங்க மிஸ்" என்றான்.

அவனைத் திருத்தினேன். இது மலைப் படம் இல்லை, மேலே போவது தொலைவு, உயரம் இல்லை, நம்ம பக்கம் மலை ஏது என்றெல்லாம் விளக்கினேன். என்னுடைய வாயை என்ன செய்வது! அந்த மலைப் பதிலோடு பாடத்தை முடித்திருந்தால் மானம் தப்பியிருக்கும்.

அடுத்து சூர்யா எழுந்தான். கேள்வி கேட்டே ஆளைக் கொல்கிற பையன். "மிஸ், முதல் ஒன்றரை கிலோமீட்டர் ஆறு நிமிஷத்துல. அப்போ மணிக்கு பதினஞ்சு கிலோமீட்டர். சரியா?"

"வெரிகுட்."

"அதுக்கப்புறம் ஒரு கிலோமீட்டருக்குப் பதினஞ்சு நிமிஷம். மணிக்கு நாலு கிலோமீட்டர். அந்த ஸ்பீடுல ஸ்கூட்டி ஓட்ட முடியாது மிஸ், விழுந்துடும்."

"டிராபிக்கா இருக்கலாம்" என்றேன்.

"டிராபிக்ல நின்னு நின்னு போவாங்க மிஸ். கோடு படி படியா இருக்கும். இது ஒரே சாய்வுல போகுது. நடக்குற ஸ்பீடு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கமலா வண்டியத் தள்ளிக்கிட்டுப் போறாங்க மிஸ்" என்றான்.

நல்ல ஆசிரியை என்றால் அந்த இடத்தில் பெருமைப்பட வேண்டும். எனக்குக் காது இரண்டும் சுட்டது. கடைசி பெஞ்சில் மேடம் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

"பஞ்சர் ஆகியிருக்கும்" என்றேன்.

"பஞ்சர்னா கடைசியில மறுபடி எப்படி மிஸ் பதினஞ்சு கிலோமீட்டர் ஸ்பீடு வருது? நடுவுல எங்கயும் பஞ்சர் கடை கிடையாதே" என்றான்.

"நடுவுலன்னா எங்கடா?" என்று இன்னொருத்தன்.

"ஒன்றரை கிலோமீட்டர்லேர்ந்து மூன்றரை கிலோமீட்டர் வரைக்கும்டா. மொத்தம் அஞ்சு. மரக்காணத்துலேர்ந்து நம்ம ஸ்கூல் அஞ்சுதானே?" இதைச் சொல்லிவிட்டு அவனே ஒரு நொடி நின்றான். நாற்பது ஜோடிக் கண்கள் போர்டிலிருந்து மெதுவாக இறங்கி, ஜன்னலுக்கு வெளியே நிழலில் நின்றிருந்த என் ஸ்கூட்டியைப் பார்த்துவிட்டு, என் மேல் வந்து உட்கார்ந்தன.

ஒற்றை ரோடு உள்ள ஊரில் தொலைவைச் சொன்னால் இடத்தைச் சொன்ன மாதிரி என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கணக்கு டீச்சருக்கு!

அப்போது மூன்றாவது வரிசையில் சத்யா என்ற பெண் படபடவென்று எழுந்தாள். வாயே திறக்காத பிள்ளை. "மேடம், மிஸ்ஸ ஒண்ணும் சொல்லாதீங்க மேடம். அவங்களுக்கு வேண்டுதல்!"

"என்ன வேண்டுதல்?" என்றார் மேடம்.

"அம்மனுக்கு வேண்டிக்கிட்டு உப்பளத்து ரோட்டுல மட்டும் வண்டியில ஏறாம தள்ளிக்கிட்டே வர்றாங்க மேடம். எங்கம்மாதான் சொல்லிச்சு. யார்கிட்டயும் சொல்லக் கூடாது, சொன்னா பலிக்காதுன்னும் சொல்லிச்சு." அதற்குள் அவள் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. "நான் சொல்லிட்டேன்."

அஞ்சலை அக்காவின் மகள் இவள் என்பது எனக்கு அந்த நிமிஷம் வரை தெரியாது. ஒதுங்கி நின்ற மரியாதை, கும்பிட்ட பெரியவர், கன்னத்தில் போட்டுக்கொண்டது எல்லாம் இப்போது விளங்கியது. அவர்கள் டீச்சருக்காக ஒதுங்கவில்லை, அம்மனுக்காக ஒதுங்கியிருக்கிறார்கள்!

மேடம் என்னைப் பார்த்தார். "அப்படியா டீச்சர்?"

வேலை என் கைக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. தலையை ஆட்டினால் போதும். சாமி விஷயம், மேடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். வேலை பர்மனென்ட், பேரும் புண்ணியமும் கூடுதல். "ஆமாம் மேடம்" என்று சொல்லிவிட்டேன். (அம்மா தாயே, மன்னித்துக்கொள்.)

"இல்ல மேடம்" என்றது ஒரு குரல். வேறு யார், சூர்யாதான். போர்டுக்கே வந்துவிட்டான். "இங்க பாருங்க மேடம், மூணு புள்ளி ஒண்ணுலேர்ந்து ரெண்டு புள்ளி ஒம்போதுக்குக் கோடு இறங்குது. கமலா திரும்பிப் போயிருக்காங்க. சாமிக்கு நடக்குறவங்க யாராச்சும் பின்னாடி போவாங்களா? இது லாரி வர்ற நேரம் மேடம். லாரியப் பார்த்து பயந்து போயிருக்காங்க."

பிறகு என்னைப் பார்த்து, ரொம்ப மரியாதையாக, "கமலாவுக்கு வண்டி ஓட்டப் பயம். அவ்ளோதான் மிஸ்" என்றான்.

அந்தப் பிள்ளையிடம் அதற்கு மேல் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நான் நடத்த நினைத்த பாடத்தை எனக்கு மேலேயே படித்துவிட்டவன் அவன். இந்தப் பக்கம் வேண்டுதலைக் கெடுத்துவிட்டோமே என்று சத்யா விசும்பிக்கொண்டிருந்தாள்.

"சத்யா, அழாத. வேண்டுதல் ஒண்ணும் இல்ல" என்றேன். "மேடம், கமலா நான்தான். எனக்கு அந்த ரோட்டுல வண்டி ஓட்டப் பயம். இண்டர்வியூல ஓட்டுவேன்னு சொன்னது பொய்." சொல்லும்போதே எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மேடம் எழுந்தார். போர்டுக்கு வந்து கோட்டின் கடைசிப் புள்ளியில் விரலை வைத்தார். "சூர்யா, கமலா எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தாங்க?"

"எட்டு அம்பத்தேழு மேடம்."

"நம்ம ஸ்கூல் டைம்?"

"ஒம்போது மேடம்."

"ம்" என்றார். "பாடத்த நடத்துங்க டீச்சர், அப்புறம் ரூமுக்கு வாங்க." போய்விட்டார். மீதிப் பீரியடில் நான் என்ன நடத்தினேன் என்று எனக்கு இன்று வரை தெரியாது.

ரூமில் அவர் முன்னால் வருகைப் பதிவேடு திறந்திருந்தது. "மூணு மாசத்துல ஒரு நாள் லேட் இல்ல. நேரத்துக்கு வர்ற டீச்சர் வேணும்னுதான் நான் வண்டி கேட்டேன். வண்டிக்கா வேலை கொடுத்தேன்? பஸ்ஸுல உக்காந்து வந்த அந்தம்மா வராத நாள்தான் அதிகம். நீ ஒரு வண்டியையும் சேர்த்து இழுத்துக்கிட்டு வந்திருக்க." பதிவேட்டில் விரல் ஓட்டி முதல் வரியில் நிறுத்தினார். "முதல் நாளே காய்ச்சல்னு லீவு போட்டியே, அது?"

"அது உப்புத் தண்ணி மேடம்" என்றேன்.

அவர் சிரித்ததை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். வேலை பர்மனென்ட். ஆனால் பொய்க்குத் தண்டனை உண்டு என்றார். காலாண்டுத் தேர்வில் இதே வரைபடத்தைக் கேட்க வேண்டும், கமலா என்ற பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட வேண்டும். போட்டேன். "ரேவதி 2.5 கிலோமீட்டர் தொலைவில் எட்டு நிமிடங்கள் என்ன செய்தார்?" என்ற கேள்விக்கு முப்பத்தொன்பது பேர் "கூழ் குடித்தார்" என்று எழுதினார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் "எங்கள் அம்மா கொடுத்த கூழ் குடித்தார்" என்று எழுதியிருந்தாள்.

உப்பளத்தில் சேதி அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே பரவிவிட்டது. தள்ளிக்கொண்டு வந்தால் ஒருத்தர்கூட ஒதுங்கவில்லை. "வேண்டுதல்னு நெனச்சு மூணு மாசமா வேலைய நிறுத்திட்டு நின்னோமேம்மா, நல்லா இருக்குதா?" என்று அஞ்சலை அக்கா இடுப்பில் கை வைத்துக் கேட்டார். கும்பிட்ட பெரியவர், கும்பிட்டதைத் திருப்பிக் கேட்பதுபோல் முறைத்தார். பயத்தைவிட வெட்கம் பெரியது. திங்கட்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ரோட்டில் வண்டியை ஓட்டினேன். லாரி வந்தது. கண்ணை மூடாமல் ஓரம் கட்டி நின்றேன். லாரிக்காரர் ஹாரன் அடித்து டாட்டா காட்டினார்.

ஆனால் நிஜமான வம்பு வீட்டில் காத்திருந்தது. பாலுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை, முகம் வெளிறிப்போய்ச் சுவரில் சாய்ந்துவிட்டார்.

"அப்போ... மைலேஜ்?" என்றார்.

விஷயம் இதுதான். மூன்று மாதமாக நம் ஸ்கூட்டி பெட்ரோலே குடிப்பதில்லை என்று மனிதர் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அதைக் கேட்டு என் நாத்தனார் வீட்டுக்காரர் (எனக்கு அண்ணன் முறை) நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய பைக்கை விற்றுவிட்டு அதே மாடல் ஸ்கூட்டி வாங்கிவிட்டார். மச்சான் வண்டி கொடுக்கிற மைலேஜ் தன் வண்டி கொடுக்கவில்லை என்று மெக்கானிக்கோடு மூன்று முறை சண்டை. இரண்டு முறை இஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள்.

அண்ணனுக்குச் சேதி போனதும் கிளம்பி வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "தங்கச்சி, நீ ஒண்ணும் பண்ண வேணாம். என்கூட வந்து அந்த மெக்கானிக் பையன்கிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா அவன் நம்ப மாட்டான்" என்றார். போனேன். கிரீஸ் கையோடு நின்று அந்தத் தம்பி முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "அக்கா, நீங்க வேலைக்குப் போறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த இஞ்சின் ரெண்டு தடவ தப்பிச்சிருக்கும்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் எதைப் பற்றியும் பெருமை பேச முடியாது. புது மிக்ஸி நன்றாக அரைக்கிறது என்றாலும் சரி, மருமகனுக்குப் பிரமோஷன் என்றாலும் சரி, சபையில் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார்கள்: "ஓட்டுனதா, தள்ளுனதா?"

போன மாதம் என் மகள் கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கி வந்தாள். பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க ஓடினாள். பாலு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"ஓட்டுனதா, தள்ளுனதா?"

"போங்கப்பா! அம்மா பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு கணக்கா சொல்லிக் கொடுத்தாங்க."

"சொல்லிக் கொடுத்தது உங்கம்மாவா?" என்று பேப்பரை மடித்துக் கொடுத்தார். "அப்போ தள்ளுனதுதான்."